யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கும்போது உறுதியை யாரிடம் எழுதுவது?

வளவு பிடித்துவிட்டது, வீடும் பிடித்துவிட்டது, விலையும் ஒருவாறு பேசி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் கேள்வியில்தான் பலர் தடுமாறி நிற்கிறார்கள்: உறுதியை, அதாவது காணி விற்பனைப் பத்திரத்தை, யாரிடம் எழுதுவது? அப்பா காலத்திலிருந்து குடும்பத்துக்கு எழுதிவரும் ஊர் நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுப்படுத்தும் அதிகாரம் பெற்றவர்) ஒருவர் இருப்பார். "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார், ஒரு கிழமையில முடிச்சுத் தருவார்" என்று தரகர் இன்னொருவரைக் காட்டுவார். நீதிமன்றத்தில் காணி வழக்குப் பேசும் சட்டத்தரணியிடம் போ என்று மாமா சொல்வார். கடன் எடுத்தால் வங்கிக்கென்று ஒருவர் வருவார். வெளிநாட்டில் இருந்து வாங்குபவர்களுக்குக் கொழும்புச் சட்டத்தரணி என்ற ஐந்தாவது வழியும் உண்டு.

ஐந்து பேரும் எழுதித்தரும் உறுதி பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுதுவதற்கு முன் அவர் எதைத் தேடினார், யாருக்காகத் தேடினார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

சட்டத்தின் அடிப்படையை முதலில் பார்த்துவிடுவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசு ஒருவருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பம் வைக்கவேண்டும். பிறகு விற்பேன் என்று கொடுக்கும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். ஆகவே வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டி முற்பணம் கொடுத்த துண்டை வைத்துக்கொண்டு, அந்தக் காணியை எனக்கு எழுதித் தரச்சொல்லுங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்கமுடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். இதனால் நொத்தாரிசைத் தெரிவு செய்யும் வேலையை முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே முடித்துக்கொள்வது நல்லது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

யாருக்காக வேலை செய்கிறார்? நொத்தாரிசுக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் வாங்குபவர் கொடுப்பதே வழக்கம். பணம் உங்களுடையது என்றால் ஆளைத் தெரிவு செய்வதும் நீங்களாகவே இருக்கவேண்டும். விற்பவர் இதற்கு முகம் சுளித்தால் அதையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம் தேடுவார்? காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. காணி துண்டாகும்போது புதிய பக்கம் திறக்கப்பட்டு, பழையதோடு தொடர்பு காட்டப்படும். தேடுபவர் இந்தச் சங்கிலியைப் பிடித்துப் பின்னோக்கிப் போகவேண்டும். கடன் கொடுக்கும் வங்கிகள் பொதுவாக 30 வருட உரித்தை, அதாவது காணி யார் யாருக்குச் சொந்தமாக வந்தது என்ற வரலாற்றை, கேட்கும். யாழ்ப்பாணத்துக் காணிகளில் இது இலகுவான வேலை இல்லை. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று காணிப் பெயர்கள் இருக்கும். பிரிக்கப்படாத பங்குகள் தனித்தனி உறுதிகளில் கைமாறியிருக்கும். பரப்பளவு "பரப்பு வரகு இத்தனை, குழி இத்தனை" என்று, வரகு விதைப்பை வைத்து வந்த பழைய அளவில் இருக்கும். ஒரு பரப்புக்கு 18 குழி, ஏக்கருக்கு 16 பரப்பு என்ற கணக்கு கைவராதவர், உறுதியில் உள்ள அளவும் பிளானில் உள்ள பேர்ச் கணக்கும் ஒத்துப்போகிறதா என்பதைக் கண்டுபிடிக்கமாட்டார்.

தேசவழமை தெரியுமா? இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க விரும்புகிறேன். நாட்டின் மற்றப் பகுதிகளில் நல்ல பெயர் எடுத்த சட்டத்தரணிகளும் வழுக்குகிற இடம் இதுதான்.

ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை என்ற வழக்கச் சட்டம் இன்றும் வடபகுதித் தமிழரின் காணிகளை ஆள்கிறது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த திருத்தமும் அதன் மேல் நிற்கின்றன. இவற்றால் வாங்குபவருக்கு நேரடியாக வரும் சிக்கல்கள் மூன்று.

முதலாவது, தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதென்றாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது. கணவர் பிரிந்து போய்விட்டாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி எடுக்கவேண்டும். போரில் கணவரைத் தொலைத்த எத்தனையோ பெண்கள் இந்த விதியால் தங்கள் காணியையே விற்கமுடியாமல் தவிக்கிறார்கள். இந்த விதி மாறவேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் மாறும்வரை, "அவர் இல்லை, நான் மட்டும் கையெழுத்து வைக்கிறேன்" என்ற உறுதியை வாங்குவது உங்களையும் அந்தப் பெண்ணையும் சேர்த்தே வழக்கில் மாட்டிவிடும்.

இரண்டாவது, தேடியதேட்டம். திருமண காலத்தில் கணவன் மனைவியில் ஒருவர் விலை கொடுத்து வாங்கிய காணியாக இருந்து, வாங்கியவர் உயில் எழுதாமல் இறந்தால் பாதி மற்றவருக்கும் பாதி இறந்தவரின் வாரிசுகளுக்கும் போகும். உறுதி அப்பாவின் பெயரில் மட்டும் இருக்கிறது, அப்பா காலமாகிவிட்டார், அம்மா விற்கிறார் என்றால் பிள்ளைகளின் பங்கு என்னவாயிற்று என்று கேட்கத் தெரிந்தவர் உங்களுக்கு வேண்டும்.

மூன்றாவது, பங்குக் காணி. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட காணியை விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கும், விற்பவர் இறந்தால் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால், பங்காளி வழக்குப் போட்டு அந்தக் காணியை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் நீங்கள் கட்டிய மதிலும் மேல்மாடியும் உங்களுக்கு நட்டமாக முடியும்.

கட்டணம் வெளிப்படையா? தேடலுக்கு எவ்வளவு, உறுதிக்கு எவ்வளவு, பதிவுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவர் நல்லவர். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சொல்பவரிடம் தேடல் அதற்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால்தான் பதில் வரும்.

பிறகும் இருப்பாரா? உறுதி எழுதி ஐந்து வருடம் கழித்து எல்லைப் பிரச்சினை வந்தால் அவரிடம் போகமுடியுமா, அவர் நீதிமன்றத்தில் பேசுவாரா என்பதும் ஒரு கணக்கு.

## ஊர் நொத்தாரிசு

குடும்பத்தின் பழைய உறுதிகள் இவரிடம் இருக்கும். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியையும் மூன்று பிரதிகளில் எழுதவேண்டும்: மூலப்பிரதி வாங்குபவருக்கு, இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு, மூன்றாவது அவருடைய கோவைக்கு. முப்பது வருடமாக ஒரே ஊரில் எழுதியவரின் கோவை அந்த ஊரின் காணிச் சரித்திரம்போல இருக்கும். எந்த ஒழுங்கை எப்போது வந்தது, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமையை எந்த உறுதியில் விட்டுவிட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் கிணற்றுப் பங்கு சின்ன விஷயம் இல்லை. உறுதியின் அட்டவணையில் அது விடுபட்டால், தண்ணீருக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசவேண்டிய நிலை வரும்.

கட்டணமும் குறைவாக இருக்கும், பேசிக் குறைக்கவும் முடியும். மறைமுகச் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. "இவையளை எனக்கு நல்லாத் தெரியும், ஒரு பிரச்சினையும் இல்லை" என்ற ஒரு வார்த்தையில் பதிவகத் தேடல் விடுபட்டுப்போகும். ஆளைத் தெரிந்திருப்பதை அவர் உரித்தைத் தெரிந்திருப்பதாக எடுத்துக்கொள்கிறார். விற்பவர் இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு நொத்தாரிசிடம் அதே காணியை ஈடு (அடமானம்) வைத்திருந்தால் இவருக்கு எப்படித் தெரியும்? சில ஊர்களில் விற்பவரின் குடும்பத்துக்கும் இவரேதான் நொத்தாரிசு. அப்போது வெட்கத்துக்காகவே சில கேள்விகளை அவர் கேட்கமாட்டார்.

ஊருக்குள்ளேயே, தெரிந்த குடும்பத்திடம், ஒரே குடும்பத்தில் வழிவழியாக வந்த முழுக் காணியை வாங்குகிறீர்களா? பதிவேட்டுப் பிரதியை நீங்கள் கையில் வாங்கிப் பார்ப்பதாக இருந்தால் இவரே போதும்.

## தரகரோ விற்பவரோ காட்டும் நொத்தாரிசு

வேகம்தான் இவருடைய பலம். ஆவணங்கள் ஏற்கெனவே அவர் மேசையில் இருக்கும். பிளான், பழைய உறுதி, சோலைவரி (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் ஆதன வரி) பற்றுச்சீட்டு என்று எல்லாம் தயார். அடையாள அட்டையோடு வந்து கையெழுத்து வைத்தால் போதும் என்பார்கள்.

காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கும் இடங்களில் இந்த வழி அதிகம். ஒரு பெரிய வளவை வாங்கி, ஒழுங்கை விட்டு, மூன்று நான்கு பரப்பாக விற்பவர் எல்லாத் துண்டுக்கும் ஒரே நொத்தாரிசை வைத்திருப்பார். முழுக் காணியின் உரித்தையும் அந்த நொத்தாரிசு ஒருமுறை நன்றாகத் தேடியிருந்தால் அது உங்களுக்கும் நன்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பவர் விற்பவர். நீங்கள் ஒருமுறை வருபவர். உரித்தில் ஓட்டை தெரிந்தால் அதைச் சொல்வதால் அவருக்கு மிஞ்சிய துண்டுகளின் வேலையும் போய்விடும். நேர்மையானவர் அப்போதும் சொல்வார். ஆனால் வாழ்நாள் சேமிப்பை முன்பின் தெரியாத ஒருவரின் நேர்மையை மட்டும் நம்பி வைக்கமுடியாது.

இவர்களிடம் எழுதும்போது உறுதியின் முடிவில் வரும் அத்தாட்சிப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். விலைப்பணம் தன் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா என்று நொத்தாரிசு அங்கேதான் எழுதுவார். உறுதி எழுதுவதற்கு முன் பதிவேட்டைத் தேடுவது நொத்தாரிசின் கடமை. தேடல் வேண்டாம் என்று நீங்களே சொன்னதாக ஒரு வரியில் கையெழுத்து வைத்துவிட்டால் அந்தக் கடமையிலிருந்து அவரை நீங்களே விடுவித்ததாகிவிடும். கடைசி நேர அவசரத்தில் இதை யாரும் வாசிப்பதில்லை.

இன்னொரு மறைமுகச் செலவு, விலையைக் குறைத்து எழுதும் யோசனை. பெரும்பாலும் அது இந்த மேசையில்தான் பிறக்கும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு அது 399,000 ரூபா. நாற்பது இலட்சம் என்று எழுதினால் 159,000 ரூபாதான் வரும் என்று கணக்குக் காட்டுவார்கள். மிச்சம் 240,000 ரூபா, உண்மைதான். ஆனால் தீர்வை காணியின் பெறுமதிக்கு உரியது. குறைவாக மதிப்பிட்டதாகத் தெரிந்தால் மிச்சத் தீர்வை உங்களிடம்தான் கேட்கப்படும். அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. நாளைக்கு உரித்து பிழைத்து, விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டால், உங்கள் கையில் இருக்கும் உறுதி நாற்பது இலட்சம் என்றுதான் பேசும்.

இந்த வழியை முழுக்கத் தவிர்க்கமுடியாத சூழல் உண்டு. அப்போது உறுதியை அவர் எழுதட்டும், உரித்தை உங்கள் செலவில் வேறொருவர் பார்க்கட்டும்.

## காணி வழக்கு நடத்தும் சட்டத்தரணி

யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை நீதிமன்றங்களில் காணி வழக்குகளில் நிற்பவர்கள். அவர்களில் அநேகர் நொத்தாரிசாகவும் இருப்பார்கள். பிழைத்துப்போன உறுதிகளைத் தினமும் பார்ப்பதால், எங்கே பிழைக்கும் என்பது இவர்களுக்குத் தெரியும். ஒரு உறுதியைக் கையில் எடுத்தவுடன் "இந்த நன்கொடை உறுதியில் தாய்க்குச் சீவிய உரித்து வைத்திருக்கிறதே, தாய் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்பது இவர்களாகத்தான் இருக்கும். மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்து, தாய் தகப்பன் சாகும்வரை அனுபவிக்கும் உரித்தை வைத்துக்கொள்வது யாழ்ப்பாணத்தில் பரவலான வழக்கம். மகளின் கையெழுத்து மட்டும் உள்ள விற்பனை உறுதியோடு வீட்டுக்குக் குடிபோனால், முன்னறையில் அம்மா இருக்கலாம். அவரை எழுப்ப உங்களுக்கு உரிமை இருக்காது.

பங்கு பிரிக்கும் வழக்கு நிலுவையில் உள்ள காணியா என்பதையும் இவர்கள் முதலில் பார்ப்பார்கள். வழக்குப் பதிவேட்டில் ஏறிய பிறகு பிரிக்கப்படாத பங்கை விற்பதை 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டம் தடுக்கிறது. இடம்பெயர்வுக் காலத்தில் வேறொருவர் வந்து இருந்து, பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமைப் பிரகடன உறுதி எழுதிய காணிகளும் இருக்கின்றன. 1995 இடப்பெயர்வையும் வலிகாமம் வடக்கின் உயர் பாதுகாப்பு வலயத்தையும் கடந்து வந்த குடாநாட்டில், "ஆட்சி" என்ற ஒரு காரணத்தில் மட்டும் நிற்கும் உரித்தை மிகக் கவனமாகப் பார்க்கவேண்டும். போரால் ஊரைவிட்டுப் போனவர்களுக்காக ஆட்சிக்காலக் கணக்கில் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்தது. உங்கள் காணிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை, அப்படியான வழக்கில் நின்றவர்தான் சொல்லமுடியும்.

குறைகளும் உண்டு. கட்டணம் கூடுதல். காலையில் நீதிமன்றத்தில் இருப்பதால் பின்னேரம்தான் பிடிக்கமுடியும், அதுவும் கனிட்டச் சட்டத்தரணியோடு பேசவேண்டி வரலாம். தேடலை எழுதுவினைஞரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் இவர் வைப்பதும் நடக்கும். ஆகவே "தேடல் அறிக்கையை நீங்கள் வாசித்து உங்கள் கருத்தை எழுத்தில் தருவீர்களா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, எல்லா உரித்திலும் ஏதோ ஒரு குறை கண்டுபிடிப்பது இவர்கள் பழக்கம். எந்தக் குறை வாங்குவதையே நிறுத்தவேண்டியது, எது ஒரு சத்தியக்கடதாசியிலோ திருத்த உறுதியிலோ தீரக்கூடியது என்று பிரித்துச் சொல்லக் கேளுங்கள்.

பங்குக் காணி, உறுதி தொலைந்த காணி, விற்பவர் வெளிநாட்டில் இருந்து அற்றோனித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) மூலம் விற்கும் காணி, அண்மையில் யாரோ இறந்த குடும்பத்தின் காணி: இந்த நான்கில் ஒன்று என்றாலும் இவர்களிடம்தான் போகவேண்டும். கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

## வங்கியின் சட்டத்தரணி

கடனுக்குப் போனால் வங்கி தன் பட்டியலில் உள்ள சட்டத்தரணியிடம் ஆவணங்களை அனுப்பும். கட்டணம் உங்களுடையது. 30 வருடத் தேடல், பிளான், மாநகரசபை அல்லது பிரதேச சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ், கட்டிட அனுமதி என்று எல்லாம் கேட்பார்கள். கடுமையான பார்வை. அது நல்லதுதான்.

ஆனால் அவர் காப்பது வங்கியின் ஈட்டை. வங்கிக்குத் தேவை, கடன் தொகை மீளும் அளவுக்கு உரித்து நிற்கவேண்டும் என்பது. கிணற்றுப் பங்கு சரியா, ஒழுங்கையில் வாகனம் போக உரிமை இருக்கிறதா என்பவை அவரை அவ்வளவு உறுத்தாது. வங்கி கடன் தந்துவிட்டதே, காணி சுத்தம்தானே என்று நினைப்பது பெரும் பிழை. அறிக்கையின் பிரதியும் எல்லா வங்கியிலும் உங்கள் கைக்கு வராது; முன்கூட்டியே கேளுங்கள். கடன் எடுப்பவருக்கு இவர் எப்படியும் வரப்போகிறார். நல்ல ஆளாக இருந்து, உங்கள் கேள்விகளுக்கும் பதில் சொல்வதாக இருந்தால், கொஞ்சம் மேலதிகமாகக் கொடுத்து விற்பனை உறுதியையும் அவரையே எழுதச் சொல்லலாம். இரண்டாவது தேடலுக்கான செலவு மிச்சம்.

## கொழும்புச் சட்டத்தரணி

கனடாவிலோ லண்டனிலோ இருந்து வாங்குபவர்கள் தொடர்பு இலகு என்று இவரைத் தெரிவு செய்கிறார்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வரும், கணக்கு எழுத்தில் வரும். இவரால் கட்டாயம் பயன் உள்ள கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களால் காணி வாங்கமுடியுமா? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி கைமாற்றுவது தடுக்கப்பட்டிருக்கிறது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. பிரசாவுரிமையை விட்டுக்கொடுத்து மீளப் பெறாத ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அதனால் தங்கை பெயரிலோ அண்ணன் பெயரிலோ வாங்கிவிடுவார்கள். உறுதி யார் பெயரில் இருக்கிறதோ காணி அவருடையது. பிறகு வரும் மனக்கசப்பை எந்தச் சட்டத்தரணியாலும் தீர்க்கமுடியாது.

காணி விஷயத்தில் இவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கை வேண்டும். பதிவகத்துக்குப் போக, பழைய கையெழுத்துத் தமிழ் உறுதி வாசிக்க, காணியைப் போய்ப் பார்க்க அவர் இங்குள்ள ஒருவருக்குத்தான் கொடுப்பார். இரண்டு கட்டணமும் உங்கள் கணக்கில் விழும். பிரசாவுரிமை, அற்றோனித் தத்துவம், பணம் அனுப்பும் முறை இவற்றுக்கு மட்டும் அவரிடம் ஆலோசனை எடுத்து, உரித்தையும் உறுதியையும் யாழ்ப்பாணத்தில் வைத்துக்கொள்வது என் தெரிவு.

## ஒரே பார்வையில்

| | யாருடைய நலன் | தேடலின் ஆழம் | மறைமுகச் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஊர் நொத்தாரிசு | இரு பக்கமும் | ஆளைப் பொறுத்தது | நம்பிக்கையில் தேடல் விடுபடுவது | ஊருக்குள், முழுக் காணி |
| தரகர் காட்டுபவர் | விற்பவர் | தெரியாது | விலை குறைத்து எழுதுவது, அவசரம் | தனித் தேடல் செய்தால் மட்டும் |
| வழக்குச் சட்டத்தரணி | நீங்கள் | ஆழமானது | கூடிய கட்டணம், தாமதம் | பங்கு, வாரிசு, அற்றோனித் தத்துவம் |
| வங்கியின் சட்டத்தரணி | வங்கி | 30 வருடம் | வழி, கிணறு விடுபடுவது | கடனோடு வாங்கும்போது |
| கொழும்புச் சட்டத்தரணி | நீங்கள் | இங்குள்ளவரைப் பொறுத்தது | இரட்டைக் கட்டணம் | பிரசாவுரிமைக் கேள்வி |

தேடலையும் எழுத்தையும் இரண்டாகப் பிரிக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கட்டணம் தாங்காது என்று நினைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: உரித்து அறிக்கையை மட்டும் வழக்குச் சட்டத்தரணியிடம் காசு கொடுத்து எடுங்கள், உறுதியை ஊர் நொத்தாரிசு எழுதட்டும். அவருக்கும் ஒரு துணை, உங்களுக்கும் இரண்டு சோடிக் கண்.

## ஆளைத் தெரிவு செய்த பிறகு

அவர் நொத்தாரிசாகத் தொழில் செய்ய அந்த வருடத்துக்குரிய சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. எந்த நீதிமன்ற வலயத்தில், எந்த மொழியில் எழுத அவருக்கு அனுமதி இருக்கிறது என்பதையும் கேளுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை, நல்ல நொத்தாரிசு யாரும் கோபிக்கமாட்டார்.

கையில் கொடுக்கவேண்டியவை: விற்பவரின் உறுதியும் அதற்கு முந்திய உறுதிகளும், பிளான், சோலைவரிப் பற்றுச்சீட்டு, விற்பவரினதும் துணையினதும் அடையாள அட்டைப் பிரதி, திருமணச் சான்றிதழ், யாராவது இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். பழைய பிளான் என்றால் புதிதாக அளப்பது நல்லது. வேலிகள் மாறியிருக்கும், பெருவீதி அகன்றிருக்கும். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளில் எல்லைக் கற்களே இல்லாத இடங்கள் உண்டு. அங்கே உரிமம் பெற்ற நில அளவையாளர் நொத்தாரிசுக்கும் முதல் வரவேண்டியவர்.

அற்றோனித் தத்துவத்தில் விற்கிறார்கள் என்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை வீடியோ அழைப்பில் நீங்களே பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அதோடு முடிந்துவிடும். பிறகு அதை வைத்து எழுதும் உறுதிக்குப் பெறுமதி இல்லை. விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா, அது பதியப்பட்டிருக்கிறதா என்பதையும் சட்டத்தரணி பார்க்கவேண்டும்.

முற்பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நொத்தாரிசு முன் எழுதிய விற்பனை உடன்படிக்கையில் கொடுங்கள், அதையும் பதியுங்கள். மிச்சப் பணம் வங்கி வரைவாகவோ கணக்கு மாற்றமாகவோ போகட்டும். காசுக்கட்டு வேண்டாம்.

கையெழுத்து வைக்கும் நாளின் காலையில் பதிவேட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முதல் தேடலுக்கும் அந்த நாளுக்கும் இடையில் ஒரு ஈடோ வழக்கோ ஏறியிருக்கலாம். சாட்சிகள் விற்பவரை உண்மையாகவே அறிந்தவர்களாக இருக்கவேண்டும். கந்தோர் வாசலில் நிற்பவரைக் கூப்பிட்டு வைக்கும் சாட்சியால் உங்களுக்குப் பயன் இல்லை.

உறுதி முடிந்த பிறகு நடக்கும் தாமதம் எனக்கு மிகவும் கவலை தருவது. நொத்தாரிசு இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்புவார். பலர் அதையே பதிவு என்று நினைத்து இருந்துவிடுகிறார்கள். மூலப்பிரதியைப் பதிவகத்தில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவது வேறு வேலை. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, அதே காணியைப் பிறகு விலை கொடுத்து வாங்கிய இன்னொருவர் மோசடியோ கூட்டுச்சதியோ இல்லாமல் உங்களுக்கு முந்திப் பதிந்துவிட்டால், பதியாத உங்கள் உறுதி அவருக்கு முன் நிற்காது. சரியான பதிவேட்டுப் பக்கத்தில் ஏறவேண்டும் என்பதும் முக்கியம். தவறான பக்கத்தில் ஏறிய பதிவு அந்த முன்னுரிமையைத் தராமல் போகலாம். ஆகவே கட்டணத்தின் கடைசிப் பகுதியைப் பதிவு முத்திரையோடு மூலப்பிரதி கைக்கு வந்த பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். அது வந்த கிழமையே புதிய பதிவேட்டுப் பிரதி ஒன்றை எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சபைக்குப் போய்ச் சோலைவரிப் பெயரையும், மின்சாரக் கணக்கையும் மாற்றிக்கொள்ளலாம்.